பிச்சைமுத்துவின் பதினேழு பேத்திகள்

இந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பேர் வைக்கிறவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள் என்பது பிச்சைமுத்துவின் கட்சி. முன்பெல்லாம் செத்துப்போனவர் பேரை வைத்தார்கள், குலசாமி பேரை வைத்தார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் பிறந்த கிழமையை வைத்துவிட்டுக் களையெடுக்கப் போனார்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும். இப்போது வைக்கிற பேரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கும்.

பிச்சைமுத்துவுக்கு எழுபத்தொரு வயது. காந்தி மார்க்கெட்டில் நாற்பது வருடம் வெங்காய மூட்டை தூக்கியவர். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் போடுவார். தன் தோளில் ஏற்றிப் பார்க்காத மூட்டையின் எடையை அவர் நம்பியதில்லை.

அவருடைய மகள் பானுப்ரியா தன் பெண் குழந்தைக்கு ஸ்வெல்த்ரியா என்று பேர் வைக்கப் போவதாகச் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன ரியா?"

"ஸ்வெல்த்ரியாப்பா. ஒன்பது பாகக் கதை. அதுல பனிநாட்டு ராணி. ஓநாய் மேல ஏறிப் போவா. இப்ப எல்லாரும் இந்தப் பேருதான் வைக்கிறாங்க. அவருக்கும் ரொம்பப் புடிச்சிருக்கு."

அவர் என்றால் வளவன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மருமகன்.

"பனிநாடு எங்க இருக்கு? ஊட்டிப் பக்கமா?"

"அப்படி ஒரு நாடே கெடையாதுப்பா. கதை."

"ஓகோ. இல்லாத நாட்டுல இல்லாத ராணி. அவ பேரு, இருக்கிற பிள்ளைக்கு."

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவர் நிறுத்திக்கொண்டார். அவர் மனதில் ஒரு பேர் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் போய்ச்சேர்ந்த அவர் மனைவியின் பேர், வள்ளிக்கண்ணு. அதைக் கேட்டு வாங்குகிற மனுஷர் அவர் இல்லை.

பேர் வைக்கிற நாளில் குழந்தையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்லும் பொறுப்பு தாத்தாவுக்கு வந்தது. அவர் குனிந்தார். 'ஸ்' என்று ஆரம்பித்ததும் குழந்தையின் காதில் எச்சில் தெறித்தது. துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டிக் கொண்டிருந்த சத்தத்தில், வள்ளிக்கண்ணு, வள்ளிக்கண்ணு, வள்ளிக்கண்ணு என்று சொல்லிவிட்டு நிமிர்ந்துவிட்டார். யாருக்கும் கேட்கவில்லை. குழந்தை மட்டும் தும்மியது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பேர் ஏற வேண்டும்; ஏறினால்தான் பாஸ்போர்ட்; பாஸ்போர்ட் வந்தால்தான் தாயும் பிள்ளையும் மஸ்கட்டுக்குப் போக முடியும். மூன்று மாதத்துக்குள் குடும்பம் வந்து சேராவிட்டால் கம்பெனி கொடுத்த குடியிருப்பை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று வளவன் தினமும் போன் செய்தான். அப்படிப் பேர் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு படி இருந்தது. அதுதான் பெயர்ப் பொருள் மற்றும் பிரபல்ய உறுதிப்பாட்டு வாரியம்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அந்த வாரியம் இருந்தது. கைக்குழந்தையோடு மகளை அலைய விட மனமில்லாமல் பிச்சைமுத்துவே போனார். கவுண்ட்டரில் டோரதி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரி. முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பொருள் எழுதலையே, ஐயா?"

"என்ன பொருளும்மா?"

"பேரோட பொருள். பொருள் இல்லாத பேரை ஏத்த மாட்டாங்க. ஸ்ரீரங்கம் கிளையில பொருள் அலுவலர் இருக்கார், அவர்கிட்ட வாங்கிட்டு வாங்க. அப்புறம் பிரபல்யம். குறைஞ்சது பதினோரு பேராவது அந்தப் பேருல இருக்கணும். முந்நூறுக்கு மேல போகக் கூடாது."

"பதினோரு பேரு இருக்கணும்னா, மொதப் பிள்ளைக்கு எப்படிம்மா வச்சாங்க?"

டோரதி பேனாவைக் கீழே வைத்து யோசித்தார். "அது வாரியம் வர்றதுக்கு முன்னாடி, ஐயா."

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். பொருள் அலுவலர் ரங்கநாதன் சித்திரை வீதியில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் அலுவலகம் நடத்தினார். மேஜையில் ஒன்பது தடிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் வாரியத்தின் முத்திரை. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புப் பென்சில்.

"வரணும், உட்காரணும்," என்றார் ரங்கநாதன். "இந்த நாமம் வரும்னு தெரிஞ்சு ஒன்பது பாகமும் முன்கூட்டியே ஆத்யந்தம் வாசிச்சாச்சு. நாலு மாஸம் ஆச்சு. வேற எந்தக் கார்யமும் பார்க்கலை. மூணாம் பாகம் வரைக்கும் அந்த ராணி பரம ஸாத்விகம். ஆனா ஏழாம் பாகத்துல ஒரு விபரீதம் பண்ணிட்டா. பனியை உருக்கி மூணு பட்டணத்தை ஜலத்துல முழுக அடிச்சுட்டா."

"எந்தப் பட்டணம் சாமி?"

"எல்லாம் கல்பிதம். ஆனா ஜலம் ஜலம்தானே? இது உபய காவேரி மத்தியில இருக்கிற க்ஷேத்ரம். தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். இந்த நாமத்தை நாம அங்கீகாரம் பண்ணி, நாளைக்கே ஜலம் வந்துட்டா?"

"காவேரில தண்ணி வந்தா நல்லதுதானுங்களே சாமி?"

"வந்தா பேஷா வரட்டும். எங்க கையெழுத்தோட வரப்படாது."

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அச்சடித்த தாள் ஒன்றை ரங்கநாதன் நீட்டினார். பிச்சைமுத்து படிக்கச் சொல்லிக் கேட்டார். 'மேற்படி குழந்தை காவிரியிலோ கொள்ளிடத்திலோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, தண்ணீர் திறந்துவிட மாட்டாள் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' ஆற்றங்கரையில் குடியிருக்கிற இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் பூ விற்கிற ஒருத்தியையும் தேங்காய் விற்கிற ஒருவரையும் பிடித்துக் கையெழுத்து வாங்கினார். குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். அது அதுவரை திறந்துவிட்டதெல்லாம் தாத்தாவின் வேட்டி மேல்தான். அதை அந்தத் தாளில் எழுத இடம் இல்லை.

"வெள்ள விஷயம் தீர்ந்தது," என்றார் ரங்கநாதன். "இனிமே பொருள். அந்த ராஜ்யத்து பாஷையில இதுக்கு 'குளிர்கால உதயம்'னு அர்த்தம் போட்டிருக்கு. ஆனா அந்த பாஷை நம்ம பட்டியல்ல இல்லையே. அதனால பொருள்ங்கிற இடத்தைக் காலியாவே விடறேன். வாரியக் கூட்டத்துல தலைவர் தீர்மானம் பண்ணுவார்."

"அப்ப நாலு மாசம் படிச்சது எதுக்கு சாமி?"

"காலியா விடலாம்னு நிச்சயம் பண்ணத்தான்."

அடுத்த வாரம் பிரபல்யக் கணக்கெடுப்பு. காலை பத்து மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பிரபல்ய அலுவலர் ஸ்டீபன்ராஜ் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒலிபெருக்கியுமாக நின்றிருந்தார். கூட வந்த நான்கு பேர் நான்கு மூலையில் எண்ணுவதற்காக நின்றார்கள்.

"ரொம்ப சிம்பிள், பெரியவரே. பேரைக் கூப்பிடுவோம். எத்தனை தலை திரும்புதோ அத்தனை பேருக்கு அந்தப் பேரு இருக்குன்னு அர்த்தம்."

"தலை திரும்பினா அவங்க பேரு அதுதான்னு எப்படித் தம்பி சொல்றீங்க?"

"இல்லாட்டி எதுக்குத் திரும்பணும்?"

பிச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்டீபன்ராஜ் ஒலிபெருக்கியை வாயில் வைத்து, "ஸ்வெல்த்ரியா!" என்று போட்டார் ஒரு சத்தம். நிலையமே திரும்பியது. பால் கேனோடு போனவன் திரும்பினான், கல்லூரிப் பெண்கள் திரும்பினார்கள், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கண்டக்டர் எழுந்து, புது நிறுத்தம் போலிருக்கிறது என்று நினைத்து, "ஸ்வெல்த்ரியா எல்லாம் எறங்கு!" என்று கத்திக்கொண்டே விசில் ஊதினார். இரண்டு பேர் இறங்கியும் விட்டார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு தலை.

"தம்பி, மைக்குல தும்முனாலும் திரும்புவாங்க," என்றார் பிச்சைமுத்து.

"தும்மலுக்கு நாங்க சான்றிதழ் தர்றதில்ல, பெரியவரே." ஸ்டீபன்ராஜ் கவலையோடு அட்டவணையைப் பார்த்தார். "முந்நூறத் தாண்டிப் போச்சே. இது அபரிமிதப் பிரபல்யம். இனி யாருக்கும் இந்தப் பேரை வைக்க முடியாது. மறு கணக்கெடுப்பு ஒண்ணு எடுப்போம்."

மறு கணக்கெடுப்பில் ஒலிபெருக்கி கூடாது. ஸ்டீபன்ராஜ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார். பஸ் இரைச்சலில் யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பிச்சைமுத்து மட்டும், மனுஷனுக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று திரும்பிப் பார்த்தார். ஒரு தலை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார்கள். இருநூற்று ஆறரை. அரைத் தலையைத் தள்ளுபடி செய்து இருநூற்று ஆறு என்று எழுதி முத்திரை குத்தினார்கள்.

"எங்க கணக்கெடுப்புல உங்க தலையும் இருக்கு பெரியவரே," என்று ஸ்டீபன்ராஜ் கை குலுக்கினார்.

வாரியக் கூட்டத்துக்குக் குழந்தையையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதனால் பானுப்ரியாவும் வந்தாள். விமானத்துக்குச் சரியாகப் பதினெட்டு நாள். நீளமான மேஜையின் தலைமாட்டில் தலைவர் பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர். பேச ஆரம்பித்தால் எழுந்து நிற்பது அவர் வழக்கம். எழுந்து நின்றார்.

"வந்திருக்கும் மனுதாரரை வாரியம் வரவேற்கிறது. இந்த வாரியம் வருவதற்கு முன்னால் மக்களுக்குப் பெயர் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெயர் இருந்தது. ஆதாரம்தான் இல்லை. குழந்தை முக்கியமில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் குழந்தை வளரும், மாறும். பதிவேடு மாறாது. எனவே நாம் யாருக்காக உழைக்க வேண்டும் என்பது தெளிவு. ஆறு ஆண்டுகளில் நாற்பத்திரண்டாயிரம் மனுக்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட நாங்கள் அவசரப்பட்டு முடித்ததில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

டோரதி கைதட்டினார். அது அவர் வேலையில் சேர்ந்தது.

தலைவர் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். "வெள்ள உறுதிமொழி, சரி. பிரபல்யம், இருநூற்று ஆறு, சரி. அடுத்து, காதில் ஓதியவர் வாக்குமூலம். ஓதியது யார்?"

"நாந்தாங்க."

"என்ன பெயரை ஓதினீர்கள்? வாரியத்தின் முன் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்."

பிச்சைமுத்து மகளைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பேரைப் பொய்யாகச் சொல்லவாவது வாயில் நுழைய வேண்டுமே.

"வள்ளிக்கண்ணுங்க."

மேஜையைச் சுற்றிப் பேனாக்கள் நின்றன. பானுப்ரியா குழந்தையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள்.

"அப்பா, அம்மா பேரையா சொன்னீங்க?"

"நீ சொன்ன பேரு வாயில வரலம்மா. இது வந்துச்சு."

"இத்தனை நாள் சொல்லவேயில்ல! இப்பப் போயி சொல்றீங்க. நாங்க ஊருக்குப் போகக் கூடாதுன்னு வேணும்னே பண்றீங்களா?"

அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. போகக் கூடாது என்று அவர் நினைத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் வரும்போது, பாலத்தின் மேல், ஒரு நிமிஷம் நினைத்திருந்தார். அதற்காக ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவுதான்.

"போகணும்மா," என்றார். "நீ போகணும். அவன் அங்க ஒத்தையாக் கெடக்கான். அதுக்குத்தான் இந்த ஆத்துல புள்ள தண்ணி திறக்காதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "காதில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர். ஒரு குழந்தைக்கு இரண்டு பெயர் என்றால் பதிவேட்டில் இரண்டு குழந்தைகள் ஆகிவிடும். விதி பதினான்கு. காதில் ஓதிய பெயரை ரத்து செய்ய வேண்டும். வலது காதில் ஓதியதை இடது காதில் ரத்து செய்யலாம். மூன்று முறை 'ரத்து' என்று சொல்லவும். சத்தமாகச் சொல்ல வேண்டாம், கூட்ட நடவடிக்கை பாதிக்கப்படும்."

ரத்து செய்ய ஏற்பாடுகள் நடந்தன. டோரதி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இடது காது எது என்பதில் சிறிது கருத்து வேறுபாடு வந்தது. குழந்தையின் இடதா, வாரியத்தின் இடதா? குழந்தையின் இடது என்று முடிவானது. தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். பிச்சைமுத்து குனிந்து, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மூன்று தடவை சொன்னார். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

"ரத்து செய்யப்பட்டது," என்று டோரதி டைப் செய்தார்.

அந்த இடது காதில் பிச்சைமுத்து என்ன சொன்னார் என்பது குழந்தைக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ரத்து என்று சொல்லவில்லை என்பது நமக்கும் தெரியும்.

"இனி மீதமிருப்பது பொருள்," என்றார் தலைவர். கடிகாரம் ஒன்றடிக்கப் பத்து நிமிஷம். சாப்பாட்டு டப்பாக்கள் ஜன்னலோரம் காத்திருந்தன. "பொருள் அலுவலர் காலியாக விட்டிருக்கிறார். காலியாக இருந்தால் மனு அடுத்த காலாண்டுக்குப் போகும்."

"ஐயய்யோ, சார்!" என்றாள் பானுப்ரியா. "பதினெட்டு நாள்தான் இருக்கு சார்!"

"விதியில் ஓர் இடம் இருக்கிறது. அலுவலரால் முடியாதபோது, குடும்பத்தின் மூத்தவர் சொல்லும் பொருளை ஏற்கலாம். பெரியவர் சொல்லட்டும். ஸ்வெல்த்ரியா என்றால் என்ன?"

பிச்சைமுத்துவுக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக ஆள் மாற்றி ஆள் இதே கேள்வி. பனி, ஓநாய், வெள்ளம், இருநூற்றாறு தலை. ஒருத்தராவது பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாரா?

"என்னன்னா? எம் பேத்தி!" என்றார். "வேற என்ன? காந்தி மார்க்கெட்டு பிச்சைமுத்தோட பேத்தி. அதத் தவிர அதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. எழுதிக்க."

பிறகு டைப் அடிக்கும் சத்தம். டோரதி வேகமாக அடிப்பவர். 'ஸ்வெல்த்ரியா. பொருள்: காந்தி மார்க்கெட் பிச்சைமுத்துவின் பேத்தி.' தலைவர் ஒருமுறை டப்பாக்களைப் பார்த்தார், ஒருமுறை தாளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

தட்கலில் பாஸ்போர்ட் வந்தது. தாயும் பிள்ளையும் மஸ்கட் போய்ச் சேர்ந்தார்கள். பானுப்ரியா வாரம் இரண்டு தடவை வீடியோவில் வந்தாள். ஒரு தடவை, "அப்பா, அவர் ஸ்வெல்த்ரியான்னு கூப்பிட்டா இது ஃபேனைப் பாக்குது," என்று புகார் சொன்னாள். பிச்சைமுத்து போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, வள்ளிக்கண்ணு என்றார். குழந்தை திரும்பியது. ஒரு தலை. பானுப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்று அவருக்குப் பட்டது.

நான்கு மாதம் கழித்து வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. நேரில் வரவும்.

மாடிப்படியிலேயே கைக்குழந்தைகளின் அழுகை கேட்டது. உள்ளே பெஞ்சுகளில் தாய்மார்கள், தகப்பன்மார்கள். அவரைக் கண்டதும், "இவருதானா?" என்று ஒரு குரல் எழுந்தது. சாரா பீவி என்ற பெரியம்மாள் ஒரு சான்றிதழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏங்க, எங்க வீட்டுக்காரரு கல்லு மாதிரி உசிரோட இருக்காரு. எம் பேத்திக்குத் தாத்தா நீங்கன்னு போட்டிருக்கு! யாருங்க நீங்க?"

"எனக்கும் தெரியாதும்மா," என்றார் பிச்சைமுத்து. "நீங்களும் அந்த ஓநாய்க்காரி பேரத்தான் வச்சீங்களா?"

"எம் மருமக வச்சா. நா எங்க வச்சேன்?" என்று சாரா பீவி குரலைத் தாழ்த்தினார். "வாயில நுழையல. நா வேற பேரு சொல்லித்தான் கூப்பிடறேன்."

தலைவர் பாக்கியநாதன் எழுந்து நின்றார். அதனால் பேசப் போகிறார் என்று தெரிந்தது.

"ஒரு பெயருக்கு ஒரு பொருள் என்பது வாரியத்தின் அடிப்படை. ஒருமுறை பதிந்த பொருள் முப்பது ஆண்டுகளுக்கு மாறாது. கதையின் புகழால் இந்தக் காலாண்டில் மட்டும் இதே பெயரில் பதினாறு பெண் குழந்தைகள் பதிவாகியுள்ளனர். ஆகவே பதிவேட்டின்படி, மூத்ததோடு சேர்த்து, பெரியவருக்குப் பதினேழு பேத்திகள். அவர்கள் அல்ல என்று யாராவது கருதினால், அல்ல என்பதற்கான ஆதாரத்தை மூன்று பிரதிகளில் தரலாம்."

"தலைவரே, அதுக எல்லாத்துக்கும் ஆத்தா அப்பன் இங்கயே உட்காந்திருக்காங்க. கேட்டா சொல்லிட்டுப் போறாங்க."

"அவர்கள் உறவினர்கள். உறவினர் சொல்வதை வாரியம் ஏற்பதில்லை."

"அன்னிக்கு நாஞ் சொன்னத ஏத்துக்கிட்டீங்களே?"

"அன்று மணி ஒன்றாகிவிட்டது," என்றார் தலைவர். அது அவர் வாயிலிருந்து தவறி வந்தது. டோரதி அதையும் டைப் செய்துவிட்டார்.

தலைவர் தொடர்ந்தார். "பெரியவர் அஞ்ச வேண்டாம். பதினேழு பேரின் படிப்பு, கல்யாணம் பற்றி வாரியம் எதுவும் வலியுறுத்தாது. ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வந்து, உயிரோடு இருப்பதை மட்டும் காட்டிவிட்டுப் போனால் போதும். தாங்கள் காலமாகிவிட்டால் பதினேழு பெயர்களும் பொருளற்றவையாகிவிடும். அதற்கு வாரியம் பொறுப்பேற்காது."

பெஞ்சிலிருந்த பதினாறு குடும்பமும் பிச்சைமுத்துவைப் புதிதாகப் பார்த்தது. ஒரு தகப்பன் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டான். இன்னொருத்தி, "தாத்தா, சுகர் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள். சாரா பீவி கூட, "வெயில்ல அலையாதீங்க," என்றார்.

"இன்னும் ஒன்று," என்றார் தலைவர். "பொருளில் ஒரு பெயர் வந்திருப்பதால் அந்தப் பெயருக்கும் பொருளும் பிரபல்யமும் உறுதிசெய்தாக வேண்டும். பிச்சைமுத்து என்றால் என்ன? கணக்கெடுப்புக் குழு கீழே தயாராக இருக்கிறது. தாங்களும் வந்து நின்றால்..."

பிச்சைமுத்து துண்டை எடுத்து உதறினார். நாற்பது வருடம் மூட்டைக்கு முன் உதறிய அதே உதறல்.

"எங்கப்பன் எங்கயோ வேண்டிக்கிட்டு வச்ச பேரு இது. எழுபத்தொரு வருஷமா அர்த்தம் கேக்காமத்தான் தூக்கிட்டுத் திரியறேன். இன்னிக்கும் கேக்கப் போறதில்ல."

"கையெழுத்து, ஐயா?" என்றார் டோரதி மெல்ல.

"உசிரோட இருக்கேனா இல்லையான்னு நீங்களே எழுதிக்கங்கம்மா. எதை எழுதினாலும் அதைத்தான நம்பப் போறாங்க."

படியிறங்கிக் கூட்டத்துக்குள் புகுந்தார். பத்து மணி வெயிலில் நிலையம் இரைந்துகொண்டிருந்தது. நான்கு மூலையிலும் நான்கு பேர் எண்ணுவதற்கு நின்றார்கள். மார்க்கெட் பஸ் புறப்படத் தயாராக உறுமியது. அவர் அதை நோக்கி நடந்தார்.

பின்னால் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பிச்சைமுத்து!"

பூக்காரி திரும்பினாள். கல்லூரிப் பெண்கள் திரும்பினார்கள். போலீஸ்காரர் திரும்பினார். டிரைவர் கூடக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினார். நிலையத்தில் ஒரே ஒரு தலைதான் திரும்பவில்லை. அது பஸ் ஏறி, ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தது.